தலையீடு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் தெருப் பெயரோடு சொல்வேன். மூன்றாவது மகனைப் பற்றிக் கேட்டால், அவன் சைக்கிளை எங்கே நிறுத்தினான் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

நான் சொல்கிறேன், மகளின் மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுகிறாள். மாற்றட்டும். பொருளை மட்டும் மாற்றக் கூடாது என்று முதலே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவில் நாரந்தனை. கிணறும் தோட்டமும் நாற்பது பனையும் இருந்தன. போர் கடைசித் தடவையாக மூளத் தொடங்கிய நாட்களில், தண்ணீர் இறைக்கிற மிஷினுக்கு வாஷர் வாங்கவென்று அவன் யாழ்ப்பாணம் போனான். மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. பின்னேரம் மருமகனும் நானும் தேடிப் போனோம். கடலோர வீதியில் சைக்கிள் நின்றது. ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, நேராக நின்றது. ஹாண்டிலில் வாஷர் சுற்றிய கடதாசிப் பொட்டலம் தொங்கியது. பூட்டின் திறப்பைக் காணவில்லை.

சைக்கிள் விழுந்து கிடந்திருந்தால், யாரோ அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று அழுதிருப்பேன். அது நின்ற விதம் அழவும் விடவில்லை. யாரோ மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வருவேன் என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

இராணுவ முகாமுக்குப் போனேன். பொலிசுக்குப் போனேன். அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். எல்லா இடத்திலும் இருக்கக் கதிரை தந்தார்கள், பெயரை எழுதினார்கள், இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். அந்த வரிசைகளில் என்னைப் போல வேறு பெண்களும் நிற்பார்கள். அல்லைப்பிட்டியில் இருந்து ஒருத்தி வருவாள், கடல்தொழில் செய்கிற குடும்பம். அவளுடைய புருஷனும் அதே மாதத்தில்தான் காணாமற் போனான். என்னை அக்கா என்பாள். தண்ணீர்ப் போத்தலை எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள்.

இனி என் பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். தம்பி பிறந்தவுடன் அவனைப் பார்க்கவென்று என்னை மறித்துவிட்டார்கள். பெரிய எழுத்து என்றால் கூட்டி வாசிப்பேன். பஸ் பலகை வாசிப்பேன், கோயில் அறிவித்தல் வாசிப்பேன். சின்ன எழுத்து எனக்கு எறும்பு. ஆனால் என் பெயரை முழுதாக, முதலெழுத்தும் பக்கத்தில் புள்ளிக் குத்தும் வைத்து, ஒரே மூச்சில் எழுதுவேன். என் வயதுப் பெண்கள் பெருவிரலில் மை பூசிக்கொண்டு நிற்கும்போது நான் பேனை கேட்பேன். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்துக் கையெழுத்து வைத்திருப்பேன்.

போர் முடிந்து சில வருடங்கள் போனபின், கிராமத்துச் சங்கத்தை நடத்திய ஊர்ப் பொடியன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது படலையில் நின்று கெஞ்சினார்.

"அம்மா, நீங்கள் கட்டாயம் வரவேணும். யாழ்ப்பாணத்திலை அரசாங்க ஊர்வலம். பஸ் விடுகினம், சாப்பாடு இருக்கு."

"என்ரை காலுக்கு ஊர்வலம் ஏலாது, தம்பி."

"நடக்க வேண்டாம். முன்னுக்கு நிண்டால் காணும். உங்களைப் போல ஆக்கள்தான் வேணும்."

என்னைப் போல ஆட்கள். அந்தச் சொல் எனக்கு இனித்தது. அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

புருஷனின் தங்கை, என் மச்சாள், பக்கத்து வளவில் இருக்கிறாள். அவளும் வந்தாள். பஸ்ஸின் முன் கண்ணாடிக்குக் கீழே பெரிய சீலைத் துணியில் சிவப்பு எழுத்து. நான் நின்று கூட்டினேன். வெளி, நாட்டு, தலை, ஈடு, வேண்டாம்.

"என்னவாம்?" என்றாள் மச்சாள்.

"வெளிநாட்டுத் தலை ஈடு வேண்டாமாம்."

"ஆரின்ரை தலையை?"

"பிள்ளையளின்ரை தலையைத்தான். உம்மடை மருமோனை, என்ரை இரண்டாவதை, ஏஜென்சிக்காரன் காட்டுக்குள்ளை வைச்சிருந்தது மறந்து போச்சோ?"

ஈடு என்றால் எங்கள் தீவில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். காணியை ஈடு வைப்பது, நகையை ஈடு வைப்பது. எங்கள் பனங்காணி ஈட்டில் போய்த்தான் மூத்தவன் வெளிநாடு போனான். இரண்டாவது மகனை ஏஜென்சிக்காரன் ஒரு குளிர் நாட்டுக் காட்டு வீட்டில் பூட்டி வைத்து, மிச்சம் வந்தால்தான் எல்லை தாண்டவிடுவேன் என்றான். பிள்ளையின் தலையே ஈடு. பனியில் அவனுக்கு இரண்டு கால்விரல் போயிற்று. அப்படியான கொடுமை இனி வேண்டாம் என்று அரசாங்கமே ஊர்வலம் வைக்கிறது என்றால் நான் போகாமல் யார் போவது?

"இண்டைக்கெண்டாலும் உவங்கள் ஒரு நல்ல காரியம் செய்யிறாங்கள்," என்றாள் மச்சாள். பிறகு மெதுவாக, "பார்சலுக்குள்ளை முட்டை இருக்கோ எண்டு கேட்டனீரோ?"

"நீர் முட்டைக்கோ வந்தனீர்?"

"பின்னை? உமக்கு மாதிரி எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. முட்டைதான் தெரியும்."

பஸ் வேலணையைத் தாண்டியபோது ஒரு பிள்ளை தாள்களோடு இருக்கை இருக்கையாக வந்தாள். மேலே எறும்பு எழுத்து, கீழே கோடுகள். மச்சாள் பெருவிரலை நீட்டினாள். "மையைச் சீலையிலை பூசாதையும்," என்று சிரித்துக்கொண்டே நான் பேனையை வாங்கினேன். பஸ் குலுங்கியது. வீதிப் பள்ளம் ஒன்றைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, ஒரு குத்தும் பிசகாமல் என் பெயரை எழுதினேன். அந்தப் பிள்ளை, "வடிவான எழுத்து, அம்மா," என்றாள்.

ஊர்வலத்தில் என்னை முன்னுக்கு நிறுத்தினார்கள். ஒலிபெருக்கிக்காரன் ஏதோ கத்துவான், நாங்கள் "வேண்டாம், வேண்டாம்" என்போம். இரண்டாவது மகனின் கால்விரலை நினைத்து நான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. படம் பிடிப்பவர்கள் என் முன்னால் குந்தியிருந்து பிடித்தார்கள்.

வீதியின் மற்றப் பக்கம், ஒரு பூட்டிய கடையின் முன்னால், இருபது முப்பது பெண்கள் நின்றார்கள். கத்தவில்லை. ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஒரு படம். அல்லைப்பிட்டிக்காரி அதில் நின்றாள். நான் கையைக் காட்டினேன். அவள் காட்டவில்லை. ஊர்வலம் கலைந்தபின் நானே வீதியைக் கடந்து போனேன்.

"அக்கா, நீங்களுமோ?" என்றாள்.

"ஏன், வந்தால் என்ன? பிள்ளையளை ஈடு வைக்கக் கூடாது எண்டுதானே?"

"என்ன ஈடு?"

நான் எழுத்துச் சீலையைக் காட்டினேன். அவள் சீலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணால் நீர் வடிந்தது. பிறகுதான் அது சிரிப்பில்லை என்று கண்டேன்.

"அக்கா, அது தலையிடுறது. ஒருத்தர்ரை விஷயத்துக்குள்ளை வந்து கேக்கிறது. காணாமல் போன ஆக்கள் எங்கை எண்டு வெளிநாட்டுக்காரர் கேக்கினம். அப்பிடிக் கேக்க வேண்டாம் எண்டுதான் நீங்கள் இவ்வளவு நேரமும் கத்தினனீங்கள்."

"கையெழுத்தும் வைச்சிட்டன்," என்றேன்.

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். தான் குடித்தாள். மூடியைத் திருகிப் பையில் வைத்தாள்.

திரும்பி வரும்போது மச்சாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பார்சலில் முட்டை இருந்தது. என் முட்டையையும் அவளே சாப்பிட்டாள்.

அடுத்த நாள் காலை சங்கத் தம்பியின் வீட்டில் நின்றேன்.

"அந்தத் தாளைத் தாரும். என்ரை பேரை வெட்ட வேணும்."

"அது கொழும்புக்குப் போட்டுது, அம்மா. இனி ஏலாது."

"எனக்கு விளங்கேல்லை எண்டு எழுதிக் குடும்."

அவர் படலையைச் சாத்திவிட்டு வந்தார். "அம்மா, பெருவிரல் எத்தினையும் எடுக்கலாம். அதிலை முகம் இல்லை. உங்கடை பேரை வாசிச்சால் ஆர் எண்டு தெரியும். காணாமல் போன பொடியன்ரை தாயே வேண்டாமெண்டு சொல்லிறா எண்டு காட்டத்தான் கேட்டவை. கூட்டிக்கொண்டு வா எண்டினம், கூட்டிக்கொண்டு போனன். எனக்கும் பிள்ளையள் இருக்கினம்."

"அந்த நாடுகளோடை உங்கடை அரசாங்கத்துக்கு என்ன கோபம்?"

"அவை எங்கடை வீட்டுப் பிரச்சினைக்குள்ளை வருகினம். நாட்டைப் பிடிக்கப் பாக்கினம்."

"மற்ற நாடுகள் வந்து றோட்டுப் போடுது, துறைமுகம் கட்டுது. அது வாறதில்லையோ?"

"அவை கேள்வி கேக்கிறேல்லை, அம்மா," என்றார். சொன்னபின் அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடியுங்கோ என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரு வேலி நினைவுக்கு வந்தது.

நான் கல்யாணம் முடித்து வந்த புதிதில் மேற்கு வளவில் ஒரு குடும்பம் இருந்தது. இடையில் கிளுவை வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து போய்வருகிற அளவு. நெருப்புத் தணலும் கறிவேப்பிலையும் அதனால்தான் போகும் வரும். அந்த வீட்டு மனுசன் பெண்சாதிக்கு அடிப்பான். ஒரு நாள் பகல் சத்தம் தாங்காமல் என் மாமி, புருஷனின் தாய், வேலியடியில் நின்று, "அங்கை என்ன சத்தம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கு அடி நின்றது.

அடுத்த நாள் அவன் பொட்டை முள்ளால் அடைத்தான். அதற்கு மேலே ஓலை வைத்துக் கட்டினான். எங்கள் வீட்டார் எல்லை வேலியின் கதியால் தடியை நகர்த்துகிறார்கள், வளவைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னான். கிழக்கே இன்னொரு வீடு இருந்தது. அவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருப்பவர்கள். மண்வெட்டி கேட்டால் கொடுப்பார்கள், சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டுவார்கள். அவனுக்கு அவர்கள்தான் உயிர்ச் சிநேகிதர்.

மாமி ஒன்றும் தெய்வம் இல்லை. ஊர்வம்பு, விடுப்புக் கேட்பதில் ஆசை. கதியாலும் ஒரு தடவை ஒரு சாண் நகர்ந்தது, அதுவும் எனக்குத் தெரியும். கேட்கிற நாடுகளும் அப்படித்தான். தங்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டால் அவர்களுக்கும் கோபம் வரும். என் இரண்டாவது மகனைப் பனிக்குள் நிற்க வைத்ததும் அப்படிப்பட்ட ஒரு நாட்டின் எல்லைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமி கேட்காத நாட்களில் அடி நிற்கவில்லை.

எனக்கு விளங்காமல் இருந்தது அந்தப் பெண்சாதிதான். பொட்டை அடைத்த அன்று அவள், கன்னம் வீங்கியபடி, வேலிக்கு மேலால் எங்களைத் திட்டினாள். "எங்கடை வீட்டுக்குள்ளை மூக்கை நீட்ட நீங்கள் ஆர்?" என்றாள். அவளுக்காகக் கேட்டதற்கு அவளே இப்படியா என்று எனக்கு அருவருப்பாகிவிட்டது. பிறகு அவள் சாகும்வரை நான் அவளோடு கதைக்கவில்லை. ஊர்வலத்துக்கு அடுத்த நாள், அந்தக் காலையில்தான் அவளை விளங்கிக்கொண்டேன். அவளுக்கும் யாரோ ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அல்லது அவன் அவளுக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

மூத்தவனிடம் போனில் சொன்னேன். அவன் ஒரு விஷயம் சொன்னான்.

"அம்மா, தம்பியைப் பற்றி இஞ்சத்தை மந்திரிக்குக் கடிதம் போட்டனான். பதில் வந்தது."

"என்ன பதில்?"

"ஒண்டுமில்லை. கவலைப்படுகினமாம். ஆனால் பதில் வந்தது. போடாட்டி அடுத்த முறை நாங்கள் வோட்டுப் போடமாட்டம் எண்டு அவருக்குத் தெரியும்."

ஒன்றுமில்லாத பதில். அதைக்கூட இங்கே எனக்கு ஒருவரும் எழுதவில்லை. இங்கே ஆட்சியில் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கண்டுதான் பயமோ என்று யோசித்தேன். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு இடம் பக்கத்தில் இருந்தால், சனம் எட்டிப் பார்க்கும். தானும் கேட்கத் தொடங்கும். அது தொத்து நோய் போல. அதனால்தான் முதலில் பொட்டை அடைக்கிறார்கள். பிறகு எங்களைக் கொண்டே அந்தப் பக்கத்தைத் திட்டுவிக்கிறார்கள். வெளியே ஒரு எதிரியைக் காட்டினால், உள்ளே பெண்சாதியின் கன்னத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் யோசித்து என்ன? தாள் போனது போனதுதான்.

அதன்பின் ஒரு வியாதி வந்தது. பென்சன் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். பேனையைப் பிடித்தேன். முதலெழுத்து வந்தது, குத்து வந்தது. பிறகு கை நின்றுவிட்டது. கல் போல நின்றுவிட்டது. எனக்கு முன்னால் வேறொருத்தி இருந்து எழுதுவது போலத் தெரிந்தது. அவளுக்கு என் பெயர், என் எழுத்து, என் குத்து. கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரில், ஒரு பைலுக்குள் அவள் குந்தியிருக்கிறாள். யார் திறந்தாலும், "கேக்க வேண்டாம், என்ரை பிள்ளையைத் தேட வேண்டாம்," என்று சொல்கிறாள். நான் படுத்திருக்கும்போதும் சொல்கிறாள். கறி தாளிக்கும்போதும் சொல்கிறாள். அவள் விமானம் ஏறிக் கடல் தாண்டியும் போயிருப்பாள், நான் யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலம் தாண்டுவதே வருடத்தில் இரண்டு தடவை.

"என்னம்மா, பேனை எழுதேல்லையோ?" என்றார் தபால்காரத் தம்பி.

பெருவிரலை நீட்டினேன். அவர் மைப் பெட்டியை எடுக்க யோசித்தார். "நீங்கள் கையெழுத்து வைக்கிற ஆள் எல்லோ?"

"வைச்சதெல்லாம் காணும்," என்றேன்.

வெள்ளை வெயில் அடிக்கிற மத்தியானங்களில், சாப்பிட்டுச் சரிந்தால், மகன் வருவான். வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்கும். உள்ளே வரமாட்டான். வெளியே குசினிச் சுவரோரம் நின்று, சோறு கேட்கிற குரலில், "அம்மா, என்னைத் தேட வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?" என்பான். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பான், அவ்வளவுதான். நான் ஈடு என்ற சொல்லைச் சொல்லி விளங்கப்படுத்தத் தொடங்குவேன். காணி, ஏஜென்சிக்காரன், கால்விரல் என்று சொல்லிக்கொண்டே போவேன். முடிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். ஒரு நாளாவது முழுதாகச் சொல்லி முடித்தேனில்லை. எழும்பிப் போய்ப் பார்ப்பேன். வாசலில் காலையில் மண் கூட்டிய தடம் அப்படியே இருக்கும்.

அல்லைப்பிட்டிக்காரியைப் பிறகு இரண்டு தடவை வீதியில் கண்டேன். முதல் தடவை பஸ்ஸுக்குள் ஏறிவிட்டாள். மற்றத் தடவை பக்கத்தில் வந்து நின்றாள். நான் பேசவில்லை. என் பெருமை விடவில்லை. அவள்தான் கதைத்தாள்.

"இன்னும் எழுதி அனுப்பலாமாம், அக்கா. வெளிநாட்டிலை வைச்சிருக்கினமாம், எல்லாச் சாட்சியமும். ஆரும் அழிக்கேலாதாம்."

"என்ரை பேரிலை அங்கை ஏற்கெனவே ஒரு தாள் கிடக்கு."

"அப்ப அதுக்குப் பக்கத்திலை இன்னொண்டு கிடக்கட்டும். எது தாய்ச்சொல்லு எண்டு வாசிக்கிறவைக்குத் தெரியும்."

இதற்குத்தான் இதை எழுதுவிக்கிறேன். மகன் காணாமற் போனான், கண்டுபிடித்துத் தாருங்கள் என்று நாலு வரி போதும் என்றாள் பேத்தி. போதாது. அப்போ ஏன் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தாய் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்பவர்களிடம் நான் இனிமேல் கோபிக்க மாட்டேன். அதனால் ஈடு, பொட்டு, முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். என் அறியாமையையும் சொன்னேன், எனக்கு வெட்கம் என்றாலும்.

அந்தத் தாளில் இருக்கிறவளை என்னால் வெட்ட ஏலாது. ஆனால் அவள் பேசினால் நானும் பேசுவேன். நான் சொல்வது இதுதான். கேளுங்கோ. எந்த நாடு என்றாலும் கேளுங்கோ. எங்கள் வேலியடியில் வந்து நின்று, அங்கே என்ன சத்தம் என்று கேளுங்கோ. என் பிள்ளை எங்கே என்று கேளுங்கோ.

பேத்தி பேனையை நீட்டுகிறாள். கீழே கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

"இப்ப வேண்டாம், மோனை. முதல் நீ வாசி."

"முழுக்கவோ, அம்மம்மா?"

"முழுக்க. ஆறுதலாய் வாசி. எனக்கு விளங்காத சொல்லு ஒண்டு வந்தால் கையைத் தூக்குவன். அதிலை நிப்பாட்டி, என்னெண்டு சொல்லிப்போட்டுப் போ."